எண்ணிக்கை குறைந்ததா? குறைக்கப்பட்டதா?

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட நிலம் வானம் பார்த்த கரிசல். உழுதவனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கடனே. ஆயினும் காலைதோறும் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியின் மூடுந்து சிற்றூர்களுட் புகுந்து, கழுத்துப்பட்டை கட்டிய பிஞ்சுகளை அள்ளிச் செல்கின்றது. அது கிளப்பிய புழுதி அடங்குமுன் ஊர்த் தொடக்கப்பள்ளியின் மணி ஒலிக்கின்றது. அங்குச் சேர்வோர் யார்? கரிமூட்டம் போடுவோர், அன்றாடக் கூலிக்குச் செல்வோர் ஆகியோரின் மக்களே. கட்டணம் கட்ட வல்லார் பிள்ளைகள் விலக, வல்லார் அல்லாதார் பிள்ளைகளே எஞ்சுகின்றனர்.

பிறப்புக் குறைந்தது என்பர் ஆள்வோர். மெய்தான், பிறந்த பிள்ளைகளும் வாராதது ஏன்?

2009 ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், சிறுபான்மையர் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை எளியோர்க்கு ஒதுக்கிற்று. அவர்தம் கட்டணத்தை அரசு ஈடுசெய்ய வேண்டும். ஏழையின் பெயரால், ஏழையின் வரிப்பணமே, ஏழையின் பள்ளியை வெறுமையாக்குகின்றது!

ஐந்தாம் வகுப்புவரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்னும் 1999 ஆம் ஆண்டு அரசாணையைச் சென்னை உயர் வழக்குமன்றம் 2000 இல் நீக்கியது. 2014 இல் கருநாடக வழக்கில் உச்ச வழக்குமன்றமும் தாய்மொழிவழியைத் தனியார் பள்ளிகள்மேல் சுமத்தலாகாது என்றது. தனியாரைத் தடுக்க மன்றங்கள் விடவில்லை, ஆகுக. தன் சொந்தப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்குமாறு அரசுக்கு எந்த மன்றம் கட்டளையிட்டது? விற்பவனே தன் சரக்கைப் பழித்தால் வாங்குவோன் எங்ஙனம் வருவான்?

அறுபது பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. ஐந்து வகுப்புக்கு இருவர்! ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ சென்றால் எஞ்சுவது ஒருவர். இதுகண்டு பெற்றோர் விலகுகின்றனர். விலகியதைக் காட்டிப் பள்ளி மூடப்படுகின்றது. கண்மாய் மடையை அடைத்துவிட்டுப் பயிர் வாடியதெனப் பழிக்கும் செயலன்றோ இது?

அஞ்சும் பெற்றோரைப் பழித்தல் முறையன்று. தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப்பணியில் 2010 ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது 20 விழுக்காடே. தமிழ்நாட்டில் தமிழ்வழியினர்க்கு ஐந்தில் ஒரு பங்குதானா? வகுப்புக்கோர் ஆசிரியரும், தமிழ்வழிக்கே முழுப் பணியுரிமையும் தருக. பள்ளி தானே நிறையும்.

மேடையில் தமிழ் முழங்கித் தன் மகவை மூடுந்தில் ஏற்றுவோன் தமிழன்பன் அல்லன். இப்பள்ளிகளின் முதற்பகை அவனே. அன்பரீர்! சேர்க்கைப் பதிவேட்டில் நும் பிள்ளையின் பெயரை எழுதுக. அவ்வொரு பெயர் நூறு தீர்மானங்களினும் வலிது.