தமனிச் சுவரும் இரவு ஷிஃப்டும்

மாரடைப்பு என்ற சொல்லுக்குள்ளேயே அடைப்பு இருக்கிறது. அதனால்தான் இதய நோய் என்றதும் தூர்ந்துபோன குழாய் நம் கண்முன் வருகிறது: கொழுப்பு படிகிறது, வழி குறுகுகிறது, ஒருநாள் அடைத்துக்கொள்கிறது. இந்தப் படம் முழுப் பொய்யல்ல. ஆனால் அதில் குழாய்க்கு உயிர் இல்லை. தமனியின் சுவரோ உயிருள்ள திசு; நோய் எதிர்ப்புச் செல்கள் அதற்குள் ஆயுள் முழுக்கக் குடியிருக்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன, என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், ஓசூர் தொழிற்பேட்டைகளில் ஷிஃப்ட் எப்படிப் போடப்படுகிறது என்பதும் இதய மருத்துவத்தின் கேள்விதான் என்பது விளங்கும். நாட்றாம்பாளையம், அஞ்செட்டி பக்கத்து ராகிக் காடுகளை விட்டுக் கம்பெனி வேலைக்கு வரும் இளைஞர்களின் உடல்நலம் பற்றிய பேச்சில் பீடி வருகிறது, மது வருகிறது, எண்ணெய்ப் பலகாரம் வருகிறது. தூக்கம் மட்டும் வருவதே இல்லை.

தமனிச் சுவரின் வெளியடுக்கில் வாழும் விழுங்கு செல்களை (மேக்ரோபேஜ்) பற்றிய முக்கியமான ஆய்வு 2016இல் வெளியானது. எலிகளில் அவற்றின் ஒரு பகுதி கருவிலேயே உருவாகிறது. மறு பகுதி, பிறந்த கையோடு ரத்தத்தில் வரும் மோனோசைட் என்ற வெள்ளணுக்களிலிருந்து வருகிறது. அதன்பின் இரண்டுமே வெளியிலிருந்து ஆள் எதிர்பார்க்காமல், சுவருக்குள்ளேயே பிரிந்து பெருகித் தம் எண்ணிக்கையைக் காத்துக்கொள்கின்றன. 2018இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இந்த வெளியடுக்குச் செல்களின் வேலை ஒன்றைக் காட்டினார்கள். கொல்லாஜன் நார் அளவுக்கு மீறிச் சேராமல் அவை பார்த்துக்கொள்கின்றன. அவற்றை நீக்கியபோது தமனி விறைத்துப்போனது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் கலந்து ஒலிக்கும் ஓசூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு செய்தி தெரியும்: பூர்விகமாக வந்ததும் பிறகு குடியேறியதும் சேர்ந்துதான் அந்தச் சுவரைக் காக்கின்றன.

உள்ளடுக்கில் நடப்பதுதான் நோயின் தொடக்கம். ரத்தம் வளைந்து திரும்பும் இடங்களில் கெட்ட கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் நுழைந்து தங்குகின்றன. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் விழுங்கு செல்கள் அவற்றை விழுங்குகின்றன. அது அவற்றின் கடமை. விழுங்கிக்கொண்டே போனால் உடம்பெல்லாம் கொழுப்புக் குமிழாகி, நுண்ணோக்கியில் நுரை நிறைந்த பை போலத் தெரிகின்றன; நகர முடியாமல் அங்கேயே சாகின்றன. பிணத்தை அகற்ற வரும் செல்லும் அதே கதிக்கு ஆளாகிறது. முதல் கொழுப்பை உள்ளூர்ச் செல்கள் விழுங்கினாலும், நோய் முற்றுவதற்கு ரத்தத்திலிருந்து மேலும் மேலும் மோனோசைட்டுகள் வந்தாக வேண்டும் என்று 2020இல் ஓர் எலி ஆய்வு காட்டியது. கடைசியில் இப்படி உருவான புண்ணின் மேலுள்ள மெல்லிய மூடி கிழிகிறது, ரத்தம் உறைகிறது. நாம் அடைப்பு என்று சொல்வது பல ஆண்டுகள் நீண்ட இந்தக் கதையின் கடைசி சில நிமிடங்களை மட்டுமே.

அப்படியானால் அந்த மோனோசைட்டுகளை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையை எது முடுக்கிவிடுகிறது? 2019இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, எலிகளின் தூக்கத்தை அடிக்கடி கலைத்துப் பார்த்தது. மூளையில் ஹைப்போகிரெட்டின் என்ற ஹார்மோன் குறைந்தது. அதன் கட்டுப்பாடு தளர்ந்ததும் மஜ்ஜை மோனோசைட்டுகளை அதிகம் உற்பத்தி செய்தது. தமனிப் புண் பெரிதானது. ரத்தக் கொழுப்பின் அளவில் மாற்றமே இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

எலிக்கு நடந்தது மனிதருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பது நியாயம். அதே ஆய்வாளர்களில் சிலர் 2022இல் ஆரோக்கியமான 14 பேரின் தூக்கத்தை ஆறு வாரம் தினம் ஒன்றரை மணி நேரம் குறைத்தார்கள். நோய் எதிர்ப்புச் செல்கள் பெருகின; அவற்றைப் பிறப்பிக்கும் தாய்ச் செல்களிலேயே மாற்றம் தெரிந்தது. 14 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் 20 லட்சம் பேரின் தகவல்களைத் தொகுத்த 2012ஆம் ஆண்டு அலசல், ஷிஃப்ட் வேலை செய்வோருக்கு மாரடைப்பு அபாயம் 23 சதவீதம் அதிகம் என்று கண்டது. செல்லில் காண்பதும் கூட்டத்தில் காண்பதும் ஒரே திசையைக் காட்டும்போது, அதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கொழுப்பும் புகையும் ரத்த அழுத்தமும் முதல் எதிரிகள் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த எதிரிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலையைக் கெட்டுப்போன தூக்கம் செய்கிறது.

நோய் எதிர்ப்புச் செல்கள் இப்படிப் பெருகிக் கிளப்பும் அழற்சியை மருந்தால் அடக்கிவிடலாமே என்பார்கள். 2017இல் 10,061 பேரிடம் சோதித்த கனகினுமாப் என்ற ஊசி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 15 சதவீதம் குறைத்தது; ஆனால் தொற்றால் நேர்ந்த சாவுகள் கூடின. காவலைக் குறைத்தால் வரும் விலை அது. நம் செங்காந்தள் விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் சில சோதனைகளில் பலன் தந்தது, 2024இல் வந்த பெரிய சோதனையில் தரவில்லை. தூங்க விடுவதற்கு இந்தச் சிக்கல்கள் எதுவும் கிடையாது.

ஆலையை இரவில் மூட முடியாது என்பது உண்மை; யாரும் அதைக் கேட்கவில்லை. ஷிஃப்டைக் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுழற்றலாம். ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினோரு மணி நேரமாவது விடலாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக மலைச்சாலையில் வந்து திரும்புகிறவருக்குப் பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அந்த இடைவெளிக்கு அர்த்தம். அறை எடுத்துத் தங்குபவர்களின் நிலையும் வேறல்ல. ஒருவர் போர்வையை இழுத்து மூடும்போது இன்னொருவர் சமைக்கிறார், மூன்றாமவர் வேலைக்குக் கிளம்புகிறார். வார விடுமுறையில் சேர்த்துத் தூங்கினால் சரியாகிவிடும் என்பதும் நம்பத்தக்கதல்ல. எலிகளைப் பல வாரம் நன்றாகத் தூங்கவிட்ட பிறகும் தாய்ச் செல்களில் விழுந்த தடம் முழுதாக மறையவில்லை.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது, ஓசூர் இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். 2024இல் அது வேலையிடங்களுக்கும் வந்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு, எந்த ஷிஃப்ட், எத்தனை மணி நேரத் தூக்கம் என்ற இரண்டு கேள்விகளையும் அங்கே கேட்க வேண்டும். இருபதுகளில் இருப்பவர்களிடமே கேட்க வேண்டும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, சராசரியாக 53 வயதில் வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த ஆய்வு சொல்கிறது. நாற்பதில் பரிசோதனை தொடங்கினால், கதையில் பாதி முடிந்த பிறகு படிக்க உட்கார்ந்தது போலாகும். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. அன்றைய விவாதம் கூலியையும் உரிமையையும் பற்றியது. அந்தக் கோரிக்கை மறுபடி மேசைக்கு வரும் நாளில், தொழிலாளியின் தமனிச் சுவரைப் பற்றிச் சொல்ல ஒரு மருத்துவரையும் அங்கே உட்காரவைக்க வேண்டும்.