பல்லைப் பிடிச்சுப் பார்க்காம வாங்கின கார்

சின்ன வயசுல நல்லேப்பிள்ளியில இருந்து அப்பாகூட பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கேன். கொம்புக்கு எவ்வளவு சாயம் பூசியிருந்தாலும் மனுஷன் அசர மாட்டார். நேரா வாயைப் பிரிச்சுப் பல்லைப் பார்ப்பார். வயசு அங்கதான் தெரியும்பார்.

நான் இங்க அமெரிக்காவுல மகளுக்குப் பழைய கார் வாங்கினப்ப பெயிண்ட்டைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், பல்லைப் பார்க்கலை :-( கூரையில எஸ்ஓஎஸ் பொத்தான் இருந்துச்சு. ராத்திரியில தனியா ஓட்டுற பொண்ணு, அடிபட்டா காரே கூப்பிட்டுச் சொல்லிரும்னு ஒரு நிம்மதி. சேவையைப் பதிவு பண்ணக் கூப்பிட்டா, "உங்க கார்ல இருக்கிறது 3ஜி பெட்டி, இனி வேலை செய்யாது"ன்னுட்டாங்க.

ஏர்பேக் விரிஞ்சதும் உதவி மையத்துக்குப் போன் போட்டு இடத்தைச் சொல்றது டெலிமேட்டிக்ஸ் கன்ட்ரோல் மாட்யூல். அதுவும் ஒரு செல்போன்தான். ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியிலயும், வெரைசான் அந்த வருஷக் கடைசியிலயும் 3ஜியை நிறுத்திட்டாங்க. 3ஜி மட்டும் தெரிஞ்ச பெட்டியெல்லாம் ஊமையாச்சு. நிசான் லீஃப் வச்சிருந்தவங்க பாடு இன்னும் மோசம். ஏடி அண்ட் டி 2ஜி 2017ல நின்னதால 3ஜி பெட்டிக்கு மாறினாங்க. அதுவும் அஞ்சே வருஷத்துல போச்சு.

மாடல் வருஷத்தை மட்டும் நம்பாதீங்க. ஒரே வருஷக் கார்லயே வேற வேற பெட்டி இருக்கலாம். பணம் கொடுக்கும் முன்னாடி வின் நம்பரைச் சொல்லி அந்தக் கம்பெனி சர்வீஸ்ல "பெட்டி எத்தனாவது ஜி?"னு கேளுங்க. பெட்டி கண்ணுல படுற இடத்துல இருந்தா, லேபிள்ல எஃப்சிசி ஐடி இருக்கும். எஃப்சிசி தளத்துல அதைப் போட்டா எல்டிஇ உண்டா இல்லையான்னு தெரிஞ்சிரும்.

பழைய கார் விக்கிற டீலர் கார்ல கண்ணுல படுற மாதிரி 'பையர்ஸ் கைடு' வைக்கணும்னு எஃப்டிசி விதியே இருக்கு. வாரன்டி உண்டா இல்லையான்னு அதுல சொல்லணும். அதோட, இந்தப் பெட்டி எத்தனாவது ஜி, இப்ப பேசுமான்னு ஒரு வரி சேர்த்தா என்ன? பொத்தானே இல்லைன்னா நாம ஜாக்கிரதையா இருப்போம். செத்த பொத்தான் நம்மளை ஏமாத்திரும்.

ஊர்ல இருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். அங்க 2019 ஜனவரியில இருந்து புது டாக்சி, பஸ்ஸுக்கு இருப்பிடம் காட்டுற கருவியும் அவசரப் பொத்தானும் வேணும்னு விதி. அதுக்குள்ளயும் சிம் தான். மாட்டுறப்பவே கேட்டு வச்சுக்குங்க.

அப்பாகிட்ட போன்ல கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பல்லைப் பாக்காமயா வாங்குன?"ன்னார்.