வேப்பூரில் வண்டியைத் திருப்புங்கள்

சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் போகிறவர்களுக்கு வேப்பூர் ஒரு மேம்பாலம் மட்டுமே. இங்கே இறங்காமல் போவது பெரிய இழப்பு என்று உறுதியாகச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை அதிகாலையில் வந்தால் ஆட்டுச்சந்தை. பக்ரீத், தீபாவளி நெருங்கினால் வெளி மாவட்ட வியாபாரிகளும் வந்து குவிவார்கள். கிழக்கே திரும்பினால் விருத்தாசலம்: கார்த்திகைக்கு அகல் விளக்கு, கொலுவுக்குப் பொம்மை, மின் ஃபியூஸ் கட்டை எல்லாம் பீங்கானில் உருவாகும் ஊர். தெற்கே மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காடுகள். திட்டக்குடிப் பக்கம் வெலிங்டன் ஏரி. பெரம்பலூரைத் தாண்டினால் சாத்தனூர் கல்மரம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி வண்டலில் புதைந்து கல்லாக மாறிய, 18 மீட்டர் நீள அடிமரம் அது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார்.

இவ்வளவும் ஒரே நாள் பயணத்துக்குள் அடங்கும். வேப்பூர்க் கூட்டுரோட்டில் இவற்றுக்கெல்லாம் வழிகாட்டும் பெரிய பலகையைச் சுற்றுலாத் துறை வைக்க வேண்டும். கழிப்பறையும், பீங்கான் பொருட்களை நேரடியாக விற்கும் கடையும் வேண்டும்.

பயணிகளுக்கும் கடமை உண்டு. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையோரம் சோளம் காயும், வேகத்தைக் குறையுங்கள். விளக்கு வாங்கும்போது அடித்துப் பேரம் பேசாதீர்கள். உங்கள் பணம் சூளைத் தொழிலாளியின் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.