சுகர் ஏறுது, மனசு இறங்குது

1/ அம்பத்தூர் எஸ்டேட்ல தையல் கம்பெனி வேலை. வயசு நாற்பதுக்கு மேல. அந்த அம்மாவுக்கு மூணு மாசமா சுகர் 280-க்குக் கீழ வரல. (ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ரெண்டு தடவை மாத்திரை அளவைக் கூட்டினேன்.

2/ மூணாவது தடவைதான் கேட்டேன், "ஒழுங்கா போடுறீங்களாம்மா?" தரையைப் பார்த்தாங்க. "போட்டு என்ன சார் ஆகப்போகுது?" அவங்க போடாத மாத்திரையோட அளவைத்தான் ரெண்டு தடவை கூட்டியிருக்கேன். தப்பு என்னுது.

3/ சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சோர்ந்தவர் நடக்க மாட்டார், நேரத்துக்குச் சாப்பிட மாட்டார், மாத்திரையை விட்டுவிடுவார். சுகர் ஏறும். ஏறின சுகர் இன்னும் அசதியைத் தரும். செக்குமாடு மாதிரி ஒரே வட்டம்.

4/ தைராய்டு குறைந்தால் அசதி, மறதி, எதிலும் பிடிப்பில்லாமை. வீட்டில் வைக்கிற பேர் "சோம்பேறி". தைராய்டு கூடினால் படபடப்பு, தூக்கமின்மை. வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் போடுறவங்களுக்கு பி12 குறையலாம். அதுவும் மனசையும் ஞாபகத்தையும் தொடும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேருமா சோம்பேறி?

5/ பிள்ளைகளுக்கும் இதே கதைதான். "கவனமே இல்ல, ஏடிஹெச்டியா டாக்டர்?"னு ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துலேர்ந்து வர்றவங்க கேட்கிறாங்க. ராத்திரி குறட்டை விடுறானா, வாயால மூச்சு விடுறானான்னு நான் திருப்பிக் கேட்பேன். அடினாய்டு சதை வீங்கினா தூக்கம் கெடும். பகல்ல கவனம் சிதறும். கண், காது, இரும்புச்சத்தும் பார்க்கணும். எல்லாம் சரியா இருந்தும் பிரச்சினை தொடர்ந்தா, முறையான ஏடிஹெச்டி மதிப்பீடு அவசியம். அது உண்மையான பிரச்சினை, சிகிச்சையும் இருக்கு.

6/ 2021-லேர்ந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்குது. நல்ல திட்டம். என் கருத்து: சுகர் பார்க்கிற எல்லா இடத்திலும், என் கிளினிக் உட்பட, இந்த ரெண்டு கேள்வியும் சேரணும். கடந்த ரெண்டு வாரமா எதிலும் ஆர்வம் இல்லாம இருந்தீங்களா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாம இருந்தீங்களா?

7/ "கூட்டத்துல நேரம் எங்க டாக்டர்?" ஒரு நிமிஷம்கூட ஆகாது. பிரஷர் பார்க்கும்போதே நர்ஸ் கேட்கலாம். பதில் 'ஆமா'ன்னா அதுவே நோய்னு முடிவில்லை. அடுத்து விசாரிக்கணும்னு அர்த்தம்.

8/ ஒரு எச்சரிக்கை. ரத்தப் பரிசோதனை நார்மல்னா "உனக்கு ஒண்ணுமில்ல"ன்னு அர்த்தம் கிடையாது. இதைப் படிச்சிட்டு மனநல மாத்திரையை யாரும் தானா நிறுத்தாதீங்க.

9/ அந்த அம்மாவை மனநல மருத்துவர்கிட்ட அனுப்பினேன். போன வாரம் வந்தாங்க. சுகர் 160. நான் கேட்கும் முன்னாடியே சொன்னாங்க, "ராத்திரி தூக்கம் வருது சார்."

10/ உங்க வீட்லயும் சுகர் இறங்காத ஒருத்தர் இருந்தா, திட்டுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க. பேச ஆள் வேணும்னா டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.