இவர்கள் யாருடைய பிரதிநிதிகள்?

சமுதாயச் சகோதரர்களே! பசுமலை வாக்குச்சாவடியில் நீங்கள் போடும் ஓட்டு எதுவரை போகிறது தெரியுமா? டில்லி வரை! நீங்கள் தேர்ந்தெடுக்கும் சட்டமன்ற உறுப்பினர்தான் மாநிலங்களவைக்கும் ஆள் அனுப்புகிறார்.

2019 டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 125, எதிர்ப்பு 105. ஆதரித்தவர்களில் 11 பேர் அ.தி.மு.க.வினர். அவர்களில் பெரும்பாலோர் நம் சட்டமன்றம் அனுப்பியவர்கள்! அந்த 11 ஓட்டும் எதிராக விழுந்திருந்தால் 114க்கு 116. மசோதா அன்றே தோற்றிருக்கும்.

1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டளித்தால் பதவி பறிபோகும். ஓட்டுப் போட்ட மக்களை மீறினால்? ஒன்றும் ஆகாது! நம்பிக்கை ஓட்டெடுப்போடு இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள் என்று 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. கேட்பார் இல்லை.

இளைஞர்களே! வியாபாரப் பெருமக்களே! நூறு ரூபாய்ச் சரக்கைக் கடன் கொடுக்கவும் ஆளைப் பார்க்கிறோம். ஐந்தாண்டு அதிகாரத்தை விசாரிக்காமலா கொடுப்பது? ஓட்டுக் கேட்டுப் பள்ளிவாசல் வாசலுக்கு வருபவரிடம், சால்வை போடும் முன் கேளுங்கள்: "கட்சி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்றால் உங்கள் ஓட்டு எந்தப் பக்கம்?"

பதிலைப் பத்துப் பேர் முன்னிலையில் வாங்குங்கள். மறக்காதீர்கள்!