கண்ணகி நகர்: சுவரைக் கேட்டவர்கள், வாழ்விடத்தைக் கேட்கவில்லை

கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட உழைக்கும் மக்கள், அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள், 2000ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டனர். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அக்குடியிருப்பின் சுவர்களில், 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பின் கலைஞர்கள் பேரோவியங்களைத் தீட்டினர். அங்கு வாழும் குழந்தைகளின் முகங்களும் அவற்றில் இடம்பெற்றன. ‘குற்றங்களின் கூடாரம்’ எனப் பழிசுமத்தப்பட்ட மக்களுக்கு அவை அளித்த பெருமிதத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும், பொதுவெளிக் கலை குறித்த உரையாடல்களில் ஒலிக்கும் ‘சமூகப் பங்கேற்பு’ எங்கே தொடங்குகிறது என்பதே நம் கேள்வி. வாழ்வாதாரமும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. குடியிருப்போரை அகற்றுமுன் அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. சட்டப்படி கேட்கப்பட வேண்டிய அக்கேள்வி மறுக்கப்பட்ட மக்களிடம், சுவரில் எதை வரையலாம் என்று மட்டும் கேட்பது பங்கேற்பாகாது. அது அரசின் அநீதிக்குப் பூசப்படும் வண்ணமாகவே முடியும்.

எனவே கலைஞர்கள் தூரிகையை எடுக்குமுன், வேலைக்குச் செல்லும் தொலைவு, குடிநீர், வீட்டுரிமைப் பத்திரம் ஆகியவை குறித்து அம்மக்கள் எழுப்பும் கோரிக்கைகளுக்குத் துணைநிற்க வேண்டும். சுவருக்கு முன்னர் மண்ணின் மீதான உரிமை வேண்டும்.