தொட்டுத் தூக்க ஒரு கை

ஆத்தூர் பக்கம் எங்க சேரியில் ஒரு பையன். ஏழாவது படிச்சிட்டிருந்தான். காலைக் கூட்டத்தில் வெயிலில் நிக்கறப்போ அப்படியே சாய்ஞ்சான். கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளி, டவுசரிலேயே மூத்திரம் போயிருச்சு. எல்லாம் ரெண்டு மூணு நிமிசம்தான். அந்த ரெண்டு மூணு நிமிசத்தில் சுத்தி நின்ன அத்தனை பேரில் ஒருத்தர்கூட அவனைத் தொடலை. ஒரு வாத்தியார் தூரத்தில் நின்னபடியே சாவிக்கொத்தைத் தூக்கிப் போட்டார். "எச்சி பட்டா ஒட்டிக்கும், தள்ளிப் போங்கடா" என்று மற்ற பிள்ளைகளை விரட்டினார். கடைசியில் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிற எங்க தெரு அக்காதான் ஓடிவந்து அவனை மடியில் போட்டுக்கிட்டாள்.

மறுநாள் பையனைக் கூட்டிக்கொண்டு போன தாயிடம், "நல்லா ஆனப்புறம் அனுப்பும்மா" என்று சொல்லிவிட்டார்கள். நல்லா ஆன நாள் எது என்று யாரும் சொல்லவில்லை. சேலம் போய் மாத்திரை வாங்கி, ஒரு வருசத்துக்கு மேல் வலிப்பே வரவில்லை. ஆனாலும் பையன் வெளியே வருவதில்லை. யாரோடும் பேசுவதில்லை. தாய் சேகோ ஆலைக்குக் கிழங்கு உரிக்கப் போகிறபோது கூடவே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து கொள்கிறான். "இழுப்பு நின்னுருச்சு தம்பி. புள்ளதான் இன்னும் திரும்பி வரல" என்று அந்த அம்மா சொன்னது என்னைத் தூங்க விடவில்லை.

வலிப்பு பேயும் இல்லை, சாபமும் இல்லை. மூளை நரம்புகளில் ஓடுகிற மின்சாரம் கொஞ்ச நேரம் தாறுமாறாகப் பாய்வதுதான் வலிப்பு. கால் கை வலிப்பு என்பதுதான் வாயில் மருவிக் காக்கா வலிப்பு ஆனது. காக்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எச்சிலால் ஒட்டாது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இருக்கிறது. ஒழுங்காக மாத்திரை கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழமுடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, உடம்புக்கு வழி இருக்கிறது. மனசுக்கு?

இங்கிலாந்தில் வைட் தீவு என்று ஒரு சின்னத் தீவு. அங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை 1970-ல் ரட்டர் என்ற மனநல மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். பொதுவாகப் பிள்ளைகளில் நூற்றுக்கு 7 பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. மூளையைத் தொடாத வேறு நீண்டகால நோய் உள்ள பிள்ளைகளில் 12 பேருக்கு. வலிப்பு மட்டும் உள்ள பிள்ளைகளில் 29 பேருக்கு. வலிப்போடு மூளைச் சேதமும் இருந்தால் பாதிக்கு மேல். பயம், மனச்சோர்வு, கட்டுக்கடங்காத கோபம், ஓரிடத்தில் நிலைகொள்ளாமை என்று அது பல முகம் காட்டும். சேரியே இல்லாத தீவில் இந்தக் கணக்கு என்பதைத் தோழர்கள் கவனிக்கவேண்டும்.

காரணம் ஒன்றல்ல. வலிப்பு வருகிற மூளைதான் மனசையும் ஆள்கிறது. மாத்திரைக்கும் பங்குண்டு. விலை மலிவான பினோபார்பிட்டோன் சில பிள்ளைகளைத் துறுதுறுவென்று அலைக்கழிக்கும், சிலரை மந்தமாக்கும். லெவட்டிராசிட்டம் சிலருக்கு எரிச்சலும் கோபமும் கொடுக்கும். இதைத் தாயிடம் யாராவது உட்கார்ந்து விளக்கிச் சொல்கிறார்களா? சொல்லாததால் "பையன் கெட்டுப் போயிட்டான்" என்று வீட்டிலேயும் அடி விழுகிறது. மூன்றாவது காரணம் நாம். அதாவது ஊர், பள்ளிக்கூடம், சமூகம். இந்த மூன்றாவதில்தான் சாதி நுழைகிறது.

எல்லா வலிப்பும் கீழே தள்ளாது. சில பிள்ளைகளுக்குச் சில வினாடி கண் நிலைகுத்தி நிற்கும், அவ்வளவுதான். கூப்பிட்டால் காதில் விழாது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி எழுதத் தொடங்கிவிடும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இப்படி வரலாம். பாடத்தில் துண்டு துண்டாக ஓட்டை விழும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இப்படி என்றால் "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லியனுப்புவார்கள். சேரிப் பிள்ளைக்கு? "பராக்குப் பாக்குறான்", "இதுங்களுக்கு எங்க படிப்பு ஏறும்" என்பார்கள். மக்கு என்ற தீர்ப்பு ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வலிப்பு அதில் கையெழுத்துப் போடுகிறது. நோயைக் கண்டுபிடிக்காமல் போவதே இங்கே சாதியின் வேலைதான்.

இன்னொரு வசையும் உண்டு. "பன்னிக்கறி தின்னா வலிப்பு வராம என்ன பண்ணும்?" இதைக் கேட்டு நம் பிள்ளைகள் தலைகுனிந்திருக்கிறார்கள். உண்மை என்ன? நாடாப்புழுவால் வருகிற வலிப்பு நம் நாட்டில் நிறைய இருக்கிறது, வாஸ்தவம். சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போய் நீர்க்கட்டியாகத் தங்கி வலிப்பைக் கொண்டுவருவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வருகிற இளம்புழு. முட்டை வெளியேறுவது புழு உள்ள மனிதரின் மலத்தில். மலம் கலந்த தண்ணீர், கழுவாத கீரை, கழுவாத கை வழியாக அது யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். கறியே தொடாத சைவக் குடும்பங்களிலும் இந்த வலிப்பு உண்டு. ஆக, குற்றவாளி நம் உணவு இல்லை. கழிப்பிடம் கட்டாத, நல்ல தண்ணீர் தராத, சாக்கடையைச் சேரி வாசலில் திருப்பிவிடுகிற நிர்வாகம்தான் குற்றவாளி. நோயைப் பரப்பிவிட்டு நோயாளியின் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பது பழைய தந்திரம்.

வலிப்பையும் பைத்தியத்தையும் ஒரே கயிற்றில் கட்டியது கோயில் பூசாரி மட்டுமல்ல, சட்டமும்தான். இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-ல் செய்த திருத்தம், திரும்பத் திரும்பப் பைத்தியமோ வலிப்போ வருகிறவர்களைத் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர்கள் என்றது. வலிப்பு என்ற சொல்லை அதிலிருந்து எடுக்க 1999 வரை ஆனது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் தீயிலிருந்து ஓடமுடியாமல் 28 பேர் செத்தார்கள். சங்கிலி போடக்கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் "மந்திரிச்சா சரியாப் போயிரும்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கோயில் வாசலில் கிடத்துவது இன்னும் நிற்கவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிரே போகலாம்.

நம் மீதும் குற்றம் இருக்கிறது தோழர்களே. மேடையில் எதிரியைக் கிண்டலடிக்க "காக்கா வலிப்பு வந்தவன் மாதிரி துள்ளுறான்" என்று பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம். தனிக் குவளைக்கு எதிராக நாள்கணக்கில் நின்ற நாம், நம் தெருவிலேயே ஒரு பிள்ளை மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் போராட்டமாகப் பார்க்கவில்லை. அந்தப் பையன் விழுந்த இடத்தில் இரண்டு தீண்டாமை ஒன்றாகச் சேர்ந்தது. நோய்க்குப் பயந்து தொடாதவர்கள் பாதி, சாதிக்காகத் தொடாதவர்கள் பாதி. கண் விழித்த பிள்ளைக்கு எது எந்தப் பாதி என்று தெரியாது. தன்னை யாரும் தொடவில்லை என்பது மட்டும் தெரியும்.

செய்யவேண்டியது என்ன? எட்டாவது முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக்கூடாது, அடிக்கவோ மனசை நோகடிக்கவோ கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. "நல்லா ஆனப்புறம் அனுப்பு" என்பதும் வெளியேற்றம்தான். அதை எழுத்தில் கேட்டு வாங்கி மேலே கொண்டுபோவோம். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளியில் கண்டறியவேண்டிய 30 குறைபாடுகளில் வலிப்பும் ஒன்று. குழு எப்போது வந்தது, யாரைப் பார்த்தது என்று மாணவத் தோழர்கள் கேட்கவேண்டும். ஆத்தூரிலிருந்து சேலம் ஐம்பது கிலோமீட்டர். மாசாமாசம் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனால் எந்தத் தாயால் மாத்திரையை விடாமல் வாங்கமுடியும்? சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் 2021-லிருந்து வீடு தேடி மாத்திரை வருகிறதே, வலிப்பு மாத்திரையும் அப்படி வாசலுக்கு வரட்டும். கூடவே, பிள்ளையின் மனசைக் கேட்க ஒரு ஆளும் வரட்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசு செலவில்லை. விழுந்த பிள்ளையைச் சுற்றிக் கல், கட்டையை அகற்று. சட்டையைத் தளர்த்து. தலைக்குக் கீழே துண்டை மடித்து வை. ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே, தண்ணீர் ஊற்றாதே. சாவியும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். ஐந்து நிமிசத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. இதில் எதையும் தொடாமல் செய்யமுடியாது. அதனால்தான் சொல்கிறேன், இது நம் வேலை.

போன வாரம் அந்தப் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்திருக்கும்போது கேட்டான்: "அண்ணா, நான் விழுந்தப்போ நீ இருந்திருந்தா தூக்கியிருப்பியா?"

இந்தக் கேள்விக்கு நாம் எல்லோரும்தான் பதில் சொல்லவேண்டும்.